மிக்ஸியின் நாற்பது பர்சன்ட்

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகையைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். இரண்டு கை, இரண்டு கால், மூன்று படுக்கையறை ஃபிளாட், வங்கியில் வேலை பார்க்கும் மனைவி எல்லாம் இருந்தும், மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்து சாவகாசமாக எரிந்தேன். ஒருநாள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, என் வலது முட்டி வலிக்கு எத்தனை பர்சன்ட் ஊனம் போடுவார்கள் என்று கைபேசியில் தேடக்கூடச் செய்தேன். கிடைத்த பதிலை இங்கே எழுதுவதற்கில்லை. ஐம்பத்து நான்கு வயதில் வரும் முட்டி வலிக்கு எந்த அரசாங்கமும் இரங்குவதில்லை என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தேன்.

இந்த இழிநிலைக்கு என்னைக் கொண்டுவந்தவர் மிக்ஸி.

செகந்திராபாத் முழுவதும் சல்லடை போட்டுச் சலித்தாலும் தன் சூம்பிய காலைப் பற்றி இவ்வளவு கர்வம் பிடித்த இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் குச்சியாகிவிட்டது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் இடது கையால் முட்டியை அழுத்திக்கொண்டுதான் வைக்க வேண்டும். அவர் அழுத்துவதைப் பார்த்தால், தெருவில் போகிற நாமெல்லாம் ஏன் முட்டியை அழுத்தாமல் அநாகரிகமாக நடக்கிறோம் என்று தோன்றும்.

அவரை நான் முதலில் பார்த்தது பேருந்தில். மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் ஓர் ஆசாமி உட்கார்ந்திருந்தார். மிக்ஸி ஏறியதும் அந்த ஆசாமி பதறியடித்து எழுந்தார். மிக்ஸி அவர் தோளைப் பிடித்து அழுத்தி மறுபடி உட்கார வைத்தார்.

"நக்கோ சார், வேணாம். ஒக்காருங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா உங்களுக்குத்தான் சீட்டு வேணும்போல இருக்குது."

பேருந்தே சிரித்தது. அமீர்பேட் வரை அவர் நின்றுகொண்டும், அந்த ஆசாமி கூனிக் குறுகி உட்கார்ந்துகொண்டும் போனார்கள். அந்த ஆசாமி நான்தான்.

ஒரு வாரம் கழித்து மாரெட்பள்ளியில் எங்கள் தெருமுனையிலேயே, தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருந்த நீலத் தகரப் பெட்டிக்கடைக்குள் அதே முகத்தைப் பார்த்தேன். மிக்ஸி, கிரைண்டர், குக்கர் ரிப்பேர். அதனால்தான் அந்தப் பெயர். ஆதார் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவர். மகன் இங்கேயே பிறந்து, தெலுங்கில் படித்து, உருதுவில் சண்டை போட்டு, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர். ஆக, அவர் வாயைத் திறந்தால் மூன்று மொழியும் ஒரே ஜாரில் அரைபட்டு வெளியே வரும்.

என் பொறாமை எங்கே தொடங்கியது என்று நிதானமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெண்களிடம்தான்.

நாங்கள் மதுரையிலிருந்து வந்து பதினோரு வருடமாகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெண்மணிகளில் ஒருவர்கூட என்னைப் பார்த்துத் தானாகச் சிரித்ததில்லை. மிக்ஸியோ உள்ளே நுழைந்தால் போதும், "மிக்ஸி அண்ணா ஒச்சாடு" என்று அவர் வந்த செய்தி முதல் மாடியிலிருந்தே தெலுங்கில் பரவும். ஒரு வீட்டில் பெசரட்டு, ஒரு வீட்டில் டீ, எங்கள் வீட்டில் முறுக்கு. அவர் பிளேடைக் கழற்றி மோந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "அம்மா, நேத்து கறி மசாலா. இதுல உப்பு கம்மி" என்பார். வசந்தா, அதாவது என் மனைவி, விழுந்து விழுந்து சிரிப்பாள். வாராவாரம் பத்திரிகையில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன் நான். என் கட்டுரையைப் படித்துவிட்டு அவள் இதுவரை சொன்னது, "ரெண்டு எடத்துல ஒற்று விட்டுப்போச்சு" என்பதுதான்.

மிக்ஸிக்கு லிஃப்ட் ஆகாது. எங்கள் வீடு நாலாவது மாடி. மிக்ஸி ஜாரைத் துணியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் வருவார். ஏன் என்று கேட்டேன்.

"லிஃப்ட் ரெண்டு காலு இருக்கிறவங்களுக்கு சார். பாவம், ஏற முடியாது அவங்களால."

இந்த லட்சணத்தில், அவருக்கு மாதாமாதம் பென்ஷன் வேறு. 'ஹேண்டிகேப் பென்ஷன்' என்பார். அது வந்த அன்று ஒரு கிலோ கோழியோடு எங்கள் தெருவில் ஸ்கூட்டரில் ஊர்வலம் போவார். பக்கவாட்டில் இரண்டு சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். "கவர்மென்ட்டு என்னை மறக்கல சார்" என்று எனக்குக் கையாட்டுவார். எனக்குப் பத்திரிகையிலிருந்து வர வேண்டியது எதுவாக இருந்தாலும், ஆசிரியர் என்னை மறந்து, நான் நினைவூட்டி, அவர் மறுபடி மறந்து, கடைசியில் யாரோ இரக்கப்பட்டு அனுப்புவதுதான். ஓர் அரசாங்கமே ஒருவரை மாதாமாதம் நினைத்துக்கொள்கிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? முடியவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

அந்தத் தொகை என்ன பெரிய தொகை என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவருடைய ஒற்றை அறை வாடகைக்கு அது சரியாக இருக்கும், அவ்வளவுதான். கோழி, அவர் மனைவி இரண்டு வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் சம்பளத்தில். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. பொறாமைக்காரனுக்குக் கோழி மட்டும்தான் கண்ணில் படும்.

ஒருநாள் காலையில் வசந்தா வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "ஒத்தக் கால வெச்சுக்கிட்டு அந்த அண்ணே நாலு மாடி ஏறி வர்றாரு. நீங்க பால் பாக்கெட் வாங்க லிஃப்ட்ல எறங்குறதுக்கு மூட்டு வலிங்கிறீங்க."

கதவு சாத்தியதும் உட்கார்ந்தேன். மிக்ஸியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். திட்டி எழுதவில்லை; திட்டுவது நாகரிகமில்லை. வானளாவப் புகழ்ந்து எழுதினேன். இந்த மனிதரை ஒரு கேலிச் சித்திரம் ஆக்கிவிட்டால் என் மனது ஆறும் என்று ஒரு கணக்கு. நாலு மாடியையும் ஒரு இடத்திலும் நிற்காமல் சீட்டியடித்துக்கொண்டே ஏறுவார் என்றும், லிஃப்ட்டில் போகிறவர்கள் மேலே போய்ச் சேரும்போது மிக்ஸிதான் அவர்களுக்குக் கதவு திறந்துவிடுவார் என்றும், ஒரு காலில் நின்று பரணிலிருந்து கிரைண்டரை இறக்குவார் என்றும் சரமாரியாக அடித்துவிட்டேன். பத்திரிகைக்குப் படம் போடுகிறவர் தன் பங்குக்கு, மிக்ஸி ஜாரைச் சஞ்சீவி மலை மாதிரி கையில் தூக்கிக்கொண்டு ஆஞ்சநேயர் போலப் படிக்கட்டின் மேல் பறக்கும் ஒருவரை வரைந்தார்.

மனது ஆறவில்லை. ஏனென்றால் மிக்ஸிக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. வசந்தாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தை லேமினேஷன் செய்து கடையில் மாட்டினார். என் பதினாறு வருட எழுத்தில் லேமினேஷன் செய்யப்பட்டது அது ஒன்றுதான். அதிலும் தெருக்காரர்கள் படத்தைப் பார்த்து மிக்ஸியைப் பாராட்டினார்கள். எழுதினது யார் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய பென்ஷன் நின்றது.

விஷயம் இதுதான். ஊனம் இத்தனை பர்சன்ட் என்று மெடிக்கல் போர்டு ஒரு சர்டிஃபிகேட் கொடுக்கும். நாற்பது பர்சன்ட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் பென்ஷன். மிக்ஸியின் சர்டிஃபிகேட்டில் ஐந்து வருடம் என்று போட்டிருந்தது. சூம்பிய கால் ஐந்து வருடத்தில் சரியாகிவிடும் என்று எழுதினவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கலாம். காலம் முடிந்தது, பென்ஷன் நின்றது. கேம்ப்பில் போய் மறுபடி காலைக் காட்ட வேண்டும். தேதி கிடைப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. மூன்று மாத வாடகை நின்றுபோய், அறைக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். காலி பண்ணினால் ஊருக்கு வெளியே எங்கோ போக வேண்டும். அங்கிருந்து தினமும் இந்தக் கடைக்கு ஸ்கூட்டரில் வந்துபோகப் பெட்ரோலுக்குக் கட்டாது. ரூமோடு கடையும் போய்விடும்.

இவ்வளவையும் மிக்ஸி சொல்லவில்லை. அவர் மனைவி வந்து வசந்தாவிடம் சொல்லி அழுதுவிட்டுப் போனார். மிக்ஸி மட்டும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, டாக்டர் என்னைப் பார்த்ததும் நூறு குடுத்துருவாரு" என்று சுற்றிக்கொண்டிருந்தார்.

"இவரைத் தனியா விடக் கூடாது" என்றாள் வசந்தா. "அங்க போயி வித்தை காட்டி, அஞ்சு பர்சன்ட் வாங்கிட்டு வந்துருவாரு. நீங்க கூடப் போங்க."

"நானா?"

"வேற யாரு சும்மா இருக்கா?"

முந்தைய நாள் சாயங்காலம் எங்கள் வரவேற்பறையில் மிக்ஸிக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. இது தோற்றால்தான் ஜெயிக்கிற பரீட்சை என்பதை அவருக்குப் புரிய வைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"படி ஏற முடியுமான்னு டாக்டர் கேப்பாரு. என்ன சொல்லணும்?" என்றாள் வசந்தா.

"எத்தனை மாடின்னு கேக்கணும்."

"அண்ணே! கஷ்டம்னு சொல்லணும்."

"கைக்கும்மா, எதுக்கு? எனக்குக் கஷ்டமில்லையே."

"உள்ளதைத்தான் சொல்லச் சொல்றேன். ஏறி வந்தா கால் வலிக்குதா இல்லையா?"

"வலிக்கும். அது என் கால் வலிக்குது. அதை எதுக்கு அவருகிட்டச் சொல்லணும்?"

நான் குறுக்கே புகுந்தேன். "ஒரு நிமிஷம் சோகமா உக்காருங்க, பார்ப்போம்."

உட்கார்ந்தார். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோகமா."

"உங்க மாதிரியா சார்?"

வசந்தா சமையலறைக்குள் ஓடினாள். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது. நாளைக்குத் தனியாகவே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வசந்தா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேம்ப் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில். மிக்ஸி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பவுடர், சென்ட். ஸ்கூட்டரை நிறுத்தியதும் குதித்து இறங்கிவிட்டார். எனக்கு வழியெல்லாம் முட்டி மடங்கியே இருந்ததில், காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. அவர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, கையில் ஃபைலோடு உள்ளே நடந்தார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். வாசலில் இருந்த ஆயா, "அய்யோ பாபம்" என்று என்னைப் பிடித்து ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மிக்ஸியைப் பார்த்து, "பேஷண்ட்டை இப்படியா நடக்க வெச்சுக் கூட்டிட்டு வருவே?" என்று தெலுங்கில் பிடிபிடியென்று பிடித்தார். மிக்ஸி தலையைக் குனிந்து, "தப்புதான்மா, இனிமே பார்த்துக்கறேன்" என்றார். அவ்வளவு சோகமான முகத்தை முந்தைய நாள் காட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் ஒரு சின்னப் பெண். முப்பது வயது இருக்கலாம். எதிரில் ஒரு படிவம். அதில் வரிசையாகக் கட்டங்கள். காலை அளந்தார், அழுத்தினார், மடக்கச் சொன்னார். பிறகு தெலுங்கில் கேள்விகள். சமதரையில் நடப்பாரா? சரிவில்? சம்மணம் போடுவாரா? மிக்ஸி பாடம் செய்தபடி, "கஷ்டம் மேடம், கஷ்டம்" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு 'கஷ்டத்துக்கும்' அவர் முகம் சிறுத்துக்கொண்டே போனது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் கட்டங்கள் ஒழுங்காக நிறைந்துகொண்டிருந்தன.

"படி ஏறுவீங்களா?"

மிக்ஸி வாயைத் திறந்தார். மூடினார். என்னைப் பார்த்தார். அப்புறம் எங்கிருந்துதான் அந்த ரோஷம் வந்ததோ, ஃபைலைத் திறந்து, அடியிலிருந்து அந்த லேமினேஷனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"நான் என்ன சொல்றது மேடம். பேப்பர்லயே போட்டுருக்குது."

நான் கை நீட்டி எடுப்பதற்குள் டாக்டர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு தெம்பு: தெலுங்கு ஊர், தெலுங்கு டாக்டர், படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவார்.

"அட, தமிழ்!" என்றார் டாக்டர். "எங்களுக்குத் திருவண்ணாமலை."

படிக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எழுத்தாளர்களே, நீங்களாவது என்னை மன்னியுங்கள். நான் மிக்ஸியை மறந்தேன். அவர் வாடகையை மறந்தேன். பதினோரு வருடத்தில் இந்த ஊரில் முன்பின் தெரியாத ஒரு வாசகர் என் கண்ணெதிரே என் கட்டுரையைப் படிப்பது இதுதான் முதல் தடவை. சக்கர நாற்காலியில் முன்னால் நகர்ந்து அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பத்தியில் உதடு நெளிந்தது. லிஃப்ட் கதவைத் திறந்துவிடும் இடத்தில் வாய்விட்டே சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"சூப்பரா இருக்கு" என்றார் டாக்டர். பேனாவை எடுத்தார். "ஒரு எடத்துலயும் நிக்காம நாலு மாடி. ஒத்தக் கால்ல நின்னு பரண்லேர்ந்து கிரைண்டர்." என்று சொல்லிக்கொண்டே படிவத்தின் பக்கம் திரும்பினார். "அப்போ படி ஏறுறதுல பிரச்சினை இல்ல. பாதிச்ச கால்ல நிக்கிறதுலயும் இல்ல…"

"ஒத்தக் கால்னு சொன்னது நல்ல கால், மேடம்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"எழுதினது நான்."

"ஓ! நீங்களா? அப்போ நேர்ல பார்த்துத்தானே எழுதியிருக்கீங்க?"

மிக்ஸி பெருமையாகத் தலையாட்டினார். "சார் பொய் எழுத மாட்டாரு மேடம்."

என் வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது. அதைத்தான் நான் உடைக்க வேண்டியிருந்தது.

"பொய் மேடம்" என்றேன். "முழுசும் பொய். அவர் நிப்பாரு. ஒவ்வொரு திருப்பத்துலயும் நிப்பாரு. எங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஏழு எடம். முதல் மாடி வரைக்கும் முட்டியப் பிடிச்சுக்கிட்டு வருவாரு. ரெண்டாவது மாடியிலேர்ந்து சுவத்துல கைய வெச்சுக்குவாரு. மூணாவது மாடியில ஜாரைத் தரையில எறக்கி வெச்சிட்டு, படியிலயே உக்காந்துருவாரு. அப்ப வாயத் தொறந்து மூச்சு வாங்குவாரு. எங்க வீட்டு வாசலுக்கு வந்தப்புறம் கர்ச்சீப்ப எடுத்து மூஞ்சியத் தொடச்சு, சட்டைய இழுத்து விட்டு, மூச்சு அடங்கினதும் சீட்டியடிச்சுக்கிட்டே பெல் அடிப்பாரு. அந்தச் சீட்டி மட்டும்தான் உண்மை."

மிக்ஸி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கிரைண்டரே உருகியிருக்கும்.

"நீங்க எப்ப சார் பார்த்தீங்க?"

"மேல கைப்பிடிச் சுவர்லேர்ந்து. எட்டிப் பார்ப்பேன்."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே."

டாக்டர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சார் இப்படி எழுதினீங்க?"

"பொறாமை" என்றேன். வேறு என்ன சொல்வது? "என் வீட்டம்மா இவர் சொல்றதுக்குச் சிரிப்பாங்க. நான் எழுதுறதுக்குச் சிரிக்க மாட்டாங்க."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். கேலிக்கா நிஜத்துக்கா என்று முகத்தில் தெரியவில்லை. "இது எழுத்துல வந்துருச்சு. பொய்யின்னா அதையும் எழுத்துலயே குடுத்துருங்க. ஃபைல்ல போட்டுக்கறேன்."

எழுதினேன். 'மேற்படி கட்டுரையில் கண்ட தகவல்கள் மிகைப்படுத்தப்பட்டவை. கட்டுரை நாயகர் நாலு மாடி ஏறும்போது ஏழு இடங்களில் நின்று இளைப்பாறுகிறார். பரணிலிருந்து எதையும் இறக்கியதில்லை. பறந்ததில்லை. கட்டுரையாசிரியருக்கு அவர் மேல் உள்ள பொறாமையே இத்தவறுக்குக் காரணம்.' கையெழுத்துப் போட்டேன். என் எழுத்து வாழ்க்கையில் திருத்தமே கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே படைப்பு.

டாக்டர் அதைப் படித்தார். சிரிக்கவில்லை. மிக்ஸியைப் படுக்க வைத்து, அந்தக் காலை மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தொடையின் சுற்றளவை டேப்பால் அளந்தார். "இதைத் தள்ளுங்க" என்று பாதத்தில் கை வைத்தார். மிக்ஸி பல்லைக் கடித்துத் தள்ளினார். கை அசையவே இல்லை. அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்திருந்தது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் காலை அவர் தெருவில் யாருக்கும் இப்படிக் காட்டியதில்லை. காட்டக் கூடாதென்றுதான் அத்தனை பவுடரும் சீட்டியும்.

திரும்பி வந்து கடை வாசலில் என்னை இறக்கிவிட்டதும் மிக்ஸி சொன்னார்:

"பென்ஷன் போனா போகட்டும்னு விட்டிருக்கலாம் சார். ஏழு எடம்னு கணக்கு சொல்லிட்டீங்களே, ஒரு லேடி முன்னாடி."

சர்டிஃபிகேட் மூன்று வாரத்தில் வந்தது. நாற்பதுக்கு நிறையவே மேலே. இந்த முறை நிரந்தரம் என்றும் போட்டிருந்தது. பென்ஷனும் திரும்பியது, அறைக்காரரும் அடங்கினார். மிக்ஸி தெருவில் எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தார், என் வீட்டுக்குத் தவிர. கட்டுரையும் கடையில் இல்லை. அது ஆஸ்பத்திரி ஃபைலில் கிடக்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், அவர் லிஃப்ட்டில் போக ஆரம்பித்திருந்தார். இரண்டாவது மாடி வீட்டுக்கு லிஃப்ட்டில் ஏறியதை நானே பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "பொய் சொல்லக் கூடாதில்ல சார்? நமக்கு நிக்க வேண்டியிருக்குது பாருங்க, ஏழு எடம்" என்று சொல்லிக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

நியாயமாக எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். என் எதிரி வீழ்ந்துவிட்டார். எனக்கோ சோறு இறங்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். எங்கள் மிக்ஸி புகைந்தது. வசந்தா வேலைக்குப் போகும்போது அவருக்குப் போன் செய்துவிட்டுப் போனாள். மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருந்தபோது, கீழே படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு கால் சாதாரணமாக விழும் சத்தம், பிறகு ஓர் இழுப்பு. ஒரு கால், ஓர் இழுப்பு. லிஃப்ட்டில் இல்லை. படியில்.

எழுந்து போய் வழக்கம்போலக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தேன். எட்டிப் பார்க்கவில்லை. முதல் திருப்பத்தில் நின்றார். இரண்டாவதில் நின்றார். மூன்றாவது மாடியில் கருவிப் பையைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டதும் நான் ஓசைப்படாமல் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, அதன் பின்னாலேயே நின்றுகொண்டேன். கர்ச்சீப்புக்கு எவ்வளவு நேரம், சட்டைக்கு எவ்வளவு நேரம், மூச்சுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சீட்டி கேட்டது. பெல் அடித்தது. அப்போதும் உடனே திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று பத்து வரை எண்ணினேன். எனக்கு அந்தச் சீட்டியை இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்து, "லிஃப்ட்ட விட்டுட்டு மறுபடி படியில ஏறி வந்துட்டீங்களே, எம்மேல இருந்த கோபம் போயிருச்சா?" என்றேன்.

மிக்ஸி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லிஃப்ட் முந்தாநாள்லேர்ந்து பந்த் சார். வீட்டை விட்டுக் கீழ எறங்குற ஆளா இருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."